12 வோல்ட், 14 ஆம்பியர்

மூடி கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டி மேசைமேல் படுத்துக் கிடக்கிறது. உள்ளே பத்துப் பதினைந்து வருடத் தூசு. பிராசசர் மேல் இருக்கும் ஃபேனின் இறக்கைகளில் அது கறுத்துத் திரண்டு, விரலால் உரித்தால் நாடாவாக வரும் பதத்தில் இருக்கிறது. மதர்போர்டின் ஓரத்தில் பல்லி முட்டை ஓடு. சுற்றிலும் வயலாக இருக்கிற ஊர் என்பதால் வைக்கோல் துரும்பும் இரண்டொன்று உண்டு. கடைக்காரர் பெயின்ட் பிரஷால் பொறுமையாகத் தட்டுகிறார். எந்த ஒயரையும் இன்னும் பிடுங்கவில்லை, எந்தக் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியும் இன்னும் பேசவில்லை.

கீரப்பாளையம் மெயின் ரோட்டைப் பார்த்த கடை. முன்பக்கம் ஜெராக்ஸ், பட்டா சிட்டா நகல், ஆதார் பிரிண்ட். பின்பக்கம் தட்டி மறைப்புக்கு அந்தாண்டை கம்ப்யூட்டர் சர்வீஸ். தை மாதம், சம்பா அறுப்பு. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் கொள்முதல் நிலையத்தை நோக்கிப் போகும்போதெல்லாம் கடையின் கண்ணாடி அதிர்கிறது. சிட்டா நகலுக்காக முக்காலியில் உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருவன். சர்வர் வரவில்லை என்கிறார்கள். அதனால் பார்க்க நேரம் கிடைத்தது.

பெட்டிக்கு உரியவன் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன். கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிறான். சிதம்பரம், புவனகிரி ஸ்டுடியோக்காரர்கள் எடுத்துக் கொடுப்பதை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, நிறம் திருத்திக் கொடுப்பது வேலை. தை பிறந்துவிட்டது, முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பழைய பெட்டியோ ஒரு பாட்டு ரெண்டர் ஆவதற்கே ராத்திரியைத் தின்கிறது. கூட வந்திருப்பது அம்மா. கையில் சின்ன மணிபர்ஸ். மகளிர் குழுக் கடனில் வாங்கிய ஒன்பதாயிரம் அதில் இருக்கிறது என்பதை அவரே வந்ததும் சொல்லிவிட்டார்.

"அண்ணே, ஆர்.எக்ஸ். 580. சென்னையில ஒருத்தரு 8,500-க்குத் தர்றேங்குறாரு. எட்டு ஜி.பி. பேசி வெச்சிட்டேன். நீங்க மாட்டிக் குடுத்தாப் போதும்."

"பணம் போட்டுட்டியா?"

"இல்லண்ணே. சாயங்காலம் அனுப்பணும்."

"அப்ப இரு."

அவ்வளவுதான் பேச்சு. கடைக்காரர் நாற்பதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செல்போன் டார்ச்சைப் பெட்டியின் மேல்மூலைக்குப் பிடித்தார். அங்கேதான் எஸ்.எம்.பி.எஸ். இருக்கிறது, கரன்ட்டை வாங்கிப் பெட்டிக்குள் பங்கிட்டுக் கொடுக்கும் தகர டப்பா. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளைத் துணியால் துடைத்தார். தூசு போனதும் பெரிய எழுத்தில் 450 வாட் என்று தெரிந்தது. பையன் முகத்தில் ஒரு தெம்பு. 580-க்கு 500 வேண்டும் என்று கம்பெனி போட்டிருந்தது, ஐம்பதுதானே குறைகிறது என்று கணக்குப் போட்டிருப்பான்.

கடைக்காரர் அந்தப் பெரிய எழுத்தைப் படிக்கவேயில்லை. அதற்குக் கீழே எறும்பு மாதிரி ஊரும் எழுத்துகளில் விரலை வைத்துக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நிறுத்தினார். 12 வோல்ட் என்ற தலைப்பின் கீழ் 14 ஆம்பியர் என்று இருந்தது. வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்: 12 x 14 = 168.

"பிராசசரும் கார்டும் சாப்புடுறது இந்த 12 வோல்ட்டுலதான் தம்பி. டப்பா மேல எவ்வளவு வேணா எழுதலாம், உண்மையில குடுக்குறது இது. 168. உன் ஐ-ஃபைவ் மூணாவது ஜெனரேசன், அதுக்கு 77. ஆர்டு டிஸ்க்கு, ஃபேனு, போர்டுன்னு ஒரு முப்பது. மிச்சம் அறுவதுக்குத் தேறும். 580 ஒண்ணுக்கே 185."

பையன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கழித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கார்டு ஒன்றே மொத்தத்தையும் தாண்டிவிட்டது.

"அவரு கன்வெர்ட்டர் தர்றேன்னாருண்ணே. ரெண்டு மோலக்ஸைச் சேத்து எட்டு பின்னு."

கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து துழாவினார். எடுத்து மேசைமேல் வைத்தது அப்படியொரு கன்வெர்ட்டர்தான். வெள்ளைப் பிளாஸ்டிக்கின் ஒரு மூலை பழுப்பாகி, அப்புறம் கறுத்து, ஒரு துளை உருகி மூடிப் போயிருந்தது. மஞ்சள் ஒயரின் தோல் சுருங்கி உள்ளே செம்பு தெரிந்தது. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார்.

"எட்டு பின்னுங்குறது 150 வாட்டு இழுக்குறதுக்கு உள்ள வாசல் அக்கா. வாசலப் பெருசா வெச்சிட்டா உள்ள தண்ணி வந்துருமா? மூணு எச்.பி. லைன்ல ஏழரை எச்.பி. மோட்டார மாட்டுனா என்னாவும்?"

"காயில் போயிரும்."

"அதான்."

சொன்னால் புரியாது என்று பையன் நினைத்திருந்த அம்மாவுக்கு, அவனுக்கு முன்னால் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் பேச்சு நடந்ததெல்லாம் பெரும்பாலும் அவருக்கும் கடைக்காரருக்கும் நடுவில்தான்.

அந்தப் பெட்டி, அம்மா சொன்ன கணக்குப்படி, தானே புயல் அடித்த மறுவருடம் வாங்கியது. கடலூர் மாவட்டத்தில் வீட்டுப் பொருள்களுக்கு வயது சொல்வது இப்படித்தான், தானேக்கு முன்னாடி, தானேக்கு அப்புறம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய புயல் அது. மறுவருடம் என்றால் 2012. இன்டெல்லின் மூன்றாம் தலைமுறை ஐ-ஃபைவ் வெளிவந்த வருடமும் அதுதான். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த அப்பா, பையன் சின்ன வகுப்பில் படிக்கும்போது வாங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மதர்போர்டு எச் 61. அந்த நாளில் தமிழ்நாட்டில் சிறு ஊர்களில் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர்களில் இந்த எச் 61 இல்லாத தெரு இருக்காது. இன்றைக்கும் பழுதுபார்க்கும் மேசைகளில் அது அடிக்கடி தென்படும். போர்டு நல்ல போர்டு. அதில் கார்டு மாட்டும் நீளத் துளை, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், இன்றைய கார்டுகளுக்கும் அளவில் பொருந்தும். பொருந்துவது வேறு, ஓடுவது வேறு என்பதைத்தான் கடைக்காரர் அடுத்த ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகமும் வாயால் இல்லை, கையால்.

ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். பெட்டியின் பின்தகட்டிலிருந்து ஆர்டு டிஸ்க் கூடு வரைக்கும் வைத்துப் பார்த்தார். 19 சென்டிமீட்டர். இரண்டு ஃபேன் வைத்த கார்டுகள் பெரும்பாலும் அதைத் தாண்டும். போனில் படம் பார்த்து வாங்குகிறவர்களுக்குக் கூடு இடிப்பது பார்சல் வந்தபிறகுதான் தெரியவரும். அடுத்து, துளைக்கு நேர் எதிரே போர்டில் இருந்த சாட்டா பின்களைத் தொட்டுக் காட்டினார். கார்டு கனமாக இருந்தால் அந்த இரண்டு பின்னின்மேல் படுத்துக்கொள்ளும். ஆர்டு டிஸ்க் ஒயரை இப்போதே அடுத்த பின்னுக்கு மாற்றி மாட்டினார். கேட்காமல் செய்தார்.

நடுவில் ஒரு பெண், கல்லூரிக்காரி, அரசு முத்திரை போட்ட விலையில்லா மடிக்கணினியோடு வந்தாள். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அந்த வழியாகத்தான் வந்தது. முப்பரிமாண டிசைன் படிக்கிறாளாம், கிராபிக்ஸ் கார்டு போட முடியுமா என்று கேட்டாள். "லேப்டாப்ல எல்லாம் போர்டுலயே ஈயம் வெச்சு ஒட்டிருப்பான்மா, தனியா மாட்ட வழியில்ல. ராம் ஏத்தலாம், எஸ்.எஸ்.டி. போடலாம். அதுவே உனக்கு நல்லா வித்தியாசம் தெரியும்." அவள் விலை கேட்டுக்கொண்டு போனாள். இல்லாததை உண்டு என்று சொல்லி நூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்கிவைத்துக்கொள்ளும் கடைகளும் இருக்கின்றன. இந்த மனிதரிடம் அது இல்லை.

திரும்பப் பெட்டிக்கு வந்தார். இனிதான் தேர்வு.

துளையிலிருந்தே கிடைக்கும் கரன்ட் 75 வாட் வரைக்கும். தனி ஒயர் இல்லாமல் அதற்குள் பிழைத்துக்கொள்ளும் கார்டுகள்தான் பழைய பெட்டிக்கு உரியவை என்பது அவருடைய முதல் விதி. நான் கேட்டவரைக்கும் அது சரியான விதி. ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ., 2014-இல் வந்தது, 60 வாட். ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 2016 அக்டோபர், 75 வாட். ஜி.டி.எக்ஸ். 1650, 2019, அதுவும் 75, ஆனால் சில கம்பெனிகள் ஆறு பின் வைத்து விடுகின்றன, பார்த்து வாங்க வேண்டும். ஜி.டி. 1030 வெறும் 30 வாட். பையன் உடனே அதைப் பிடித்துக்கொண்டான். எஸ்.எம்.பி.எஸ்.கூட மாற்ற வேண்டாம், புதிதாகவே கிடைக்கும், பணமும் மிச்சம்.

"நீ என்ன வேல செய்யிற?"

"மிக்ஸிங்ண்ணே."

"கடைசில எச். 264-ல எக்ஸ்போர்ட் அடிக்கிறல்ல? அந்த வேலயச் செய்யிற என்கோடர் 1030-ல கெடையாது. படம் காட்டும், எழுதித் தராது."

பையன் நிமிர்ந்து பார்த்தான். இந்த ஒரு தகவலுக்காகவே அவன் இந்தக் கடைக்கு வந்தது வீண்போகவில்லை என்பேன். 1030-இல் என்விடியா வீடியோ என்கோடரை வைக்கவில்லை. 2022-இல் ஏ.எம்.டி. விட்ட ஆர்.எக்ஸ். 6400-இலும் இல்லை. போதாததற்கு அந்த 6400 நான்கே லேன் வழியாகப் பேசுகிற கார்டு, பழைய போர்டில் அதன் வேகம் இன்னும் குறுகிப்போகும். 53 வாட், சின்ன உருவம், புதிய தயாரிப்பு, பழைய பெட்டிக்கென்றே செய்தது மாதிரித் தோன்றும். கேம் விளையாடுகிறவனுக்கு ஓரளவு சரி. கல்யாண வீடியோக்காரனுக்கு அது பிழைப்பில் மண். ஒரே கார்டு ஒருவனுக்கு நல்லதாகவும் இன்னொருவனுக்கு உதவாததாகவும் இருக்கும் என்பதை விலைப்பட்டியல் சொல்லாது. நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கிற மனிதர்தான் சொல்ல முடியும்.

1050 டி.ஐ. என்று முடிவானது. கடைக்காரரிடமே ஒன்று இருந்தது, சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்த செகண்ட்ஹேண்ட். ஒற்றை ஃபேன், குட்டைக் கார்டு. ஸ்கேலை வைத்தார், 17 சென்டிமீட்டர். ஆறு பின் இல்லை.

இங்கே அவர் செய்த ஒரு காரியத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. கார்டைப் பையனிடம் கொடுத்து, பின்தகட்டில் என்னென்ன துளை இருக்கிறது என்று எண்ணச் சொன்னார். ஒரு எச்.டி.எம்.ஐ., ஒரு டிஸ்ப்ளே போர்ட், ஒரு டி.வி.ஐ. பழைய நீல வி.ஜி.ஏ. துளை இல்லை. "இருந்துச்சுன்னா வாங்காத. இந்த வரிசையில என்விடியாக்காரன் அனலாக்க எடுத்துட்டான். 1050 டி.ஐ.ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வி.ஜி.ஏ. துளையோட வந்தா, அது உள்ள பழைய 550 டி.ஐ. சிப்ப வெச்சு பேர மாத்தி எழுதுனது." அப்படிப்பட்ட போலிகள் நாடெங்கும் ஓடிய காலம் உண்டு. விண்டோஸும் ஏமாந்து அதை 1050 டி.ஐ. என்றே காட்டும். ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 அக்டோபரிலிருந்து இந்தப் போலிகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுவிடுகிறது. கடைக்காரர் தன் சொந்த மேசைக் கம்ப்யூட்டரில் கார்டை மாட்டி அந்த மென்பொருளைத் திறந்தார். சிப் ஜி.பி. 107. ஷேடர் 768. மெமரி 4 ஜி.பி., 128 பிட். போலியில் இந்த ஷேடர் எண் 192 என்று இளிக்கும். பையனை அந்தத் திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அம்மா கேட்டார், "இது பழசுதான தம்பி? எத்தன வருசம் வரும்?"

"பழசுதான்க்கா. கம்பெனி இதுக்குப் புதுசா டிரைவர் விடுறத 2025 அக்டோபரோட நிறுத்திட்டான். பாதுகாப்புக்கு மட்டும் 2028 வரைக்கும் விடுவான். ஓடுறதுக்கு ஓடும். ஆனா ஒண்ணு, இந்தப் பொட்டிக்கு வயசாயிருச்சு. விண்டோஸ் 10-க்கும் அதே அக்டோபரோட நிறுத்திட்டான், 11 இந்தப் பிராசசர்ல முறைப்படி ஏறாது. ரெண்டு மூணு சீசன் சம்பாரிச்சுக்கிட்டு தம்பி புதுசு வாங்கணும். இப்ப இதுல ஒன்பதாயிரத்துக்கு மேல போட்டா அது தப்பு."

விற்கிற பொருளின் முடிவுத் தேதியை விற்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். அம்மா பதில் எதுவும் சொல்லவில்லை. மணிபர்ஸின் ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டார்.

மாட்டும் வேலை ஆரம்பித்தது. பழைய எஸ்.எம்.பி.எஸ். கழன்றது. புதியதன் லேபிளைப் பையனையே படிக்கச் சொன்னார். அதிலும் 450 வாட்தான். ஆனால் 12 வோல்ட்டில் 35 ஆம்பியர். பையன் வாய்க்குள் பெருக்கி 420 என்றான். ஒரே எண்ணைத் தலையில் போட்ட இரண்டு டப்பாக்கள், ஒன்று கொடுப்பது 168, மற்றது 420. எடையிலேயே வித்தியாசம் தெரிந்தது, அம்மா இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்து, "இது கனமா இருக்கே" என்றார்.

கார்டின் தங்கப் பல் வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் நீளவாக்கில் தேய்த்தார். ரப்பர் கறுத்தது, பல் பளிச்சென்றாயிற்று. துளையின் ஓரத்துக் கொக்கியை விலக்கி, இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அமுக்கினார். டிக். கொக்கி தானாக ஏறிக்கொண்டது. பின்தகட்டுக்கு ஒரு திருகு. பிராசசர் மேல் காய்ந்து மாவாகியிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதியது ஒரு நெல்மணி அளவு.

மானிட்டர் பழைய வி.ஜி.ஏ. மானிட்டர். எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ.-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போட்டார். முன்னூறு ரூபாய். டி.வி.ஐ. துளையில் மாட்டும் மலிவான பிளாஸ்டிக் துண்டு இந்தக் கார்டில் வேலை செய்யாது என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைத் தட்டினார். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

பையன் மூச்சை இழுத்தான். கடைக்காரர் பதறவில்லை. மானிட்டர் ஒயரைப் போர்டின் பழைய துளைக்கு மாற்றி, பயாஸுக்குள் போய், முதல் திரை எதிலிருந்து என்ற இடத்தில் போர்டிலிருந்து கார்டுக்கு மாற்றிவிட்டு, மறுபடி ஒயரைக் கார்டில் செருகினார். வந்துவிட்டது. புதிய தலைமுறைக் கார்டுகள் சில, இந்த வயதுப் போர்டுகளின் பயாஸோடு பேசவே பேசாது, எத்தனை மாற்றினாலும் கறுப்புத்தான். 1050 டி.ஐ. பழையது, புதியது என இரண்டு பாஷையும் தெரிந்த கார்டு. அதை அவர் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அப்போதுதான் விளங்கியது.

பையனின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் 2020-க்குப் பிந்தைய பதிப்புதானா என்று பார்த்தார். அந்த வருடம் மே மாதம் வந்த 14.2 பதிப்பிலிருந்துதான் என்விடியா கார்டின் என்கோடரை அது பயன்படுத்தத் தொடங்கியது. அதற்கும் பழையதாக இருந்தால் கார்டு இருந்தும் எக்ஸ்போர்ட் பிராசசரின் தலையில்தான் விழும். பையனிடம் இருந்தது புதிய பதிப்பு. அமைப்பில் குடா என்பதைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்போர்ட்டில் ஹார்டுவேர் என்பதைப் போட்டார். பையன் பென்டிரைவிலிருந்து ஒரு கல்யாணப் பாட்டை ஏற்றி ஓடவிட்டான். மாலை மாற்றும் இடம். நிறம் திருத்தி, மேலே பூத்தூவல் போட்ட காட்சி, வீட்டில் திக்கித் திக்கி நின்றது, இங்கே நிற்காமல் போயிற்று. எக்ஸ்போர்ட் பட்டை நகர்வதை மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அம்மாவுக்குப் பட்டையின் கணக்குத் தெரியாது, மகன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"இனிமே ராத்திரி முழிக்க வேணாமாடா?"

"பன்னண்டு மணிக்குள்ள படுத்துருவேம்மா."

கணக்கு: கார்டு 5,500. எஸ்.எம்.பி.எஸ். 2,600. கன்வெர்ட்டர் 300. மாட்டுக்கூலி 300. மொத்தம் 8,700. அம்மா ஐந்நூறு ரூபாய்த் தாள்களை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார். மீதி முன்னூறை வாங்கி மணிபர்ஸில் போட்டார். வீட்டில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.-இல் பேட்டரி பழசாக இருந்தால் கரன்ட் போகும் நேரத்தில் இனித் தாங்காது, அதையும் ஒருநாள் கொண்டு வா என்றார் கடைக்காரர். பழைய எஸ்.எம்.பி.எஸ்.-ஸைத் தூக்கிப் போட்டுவிடாதே, கார்டு இல்லாத பெட்டிக்கு அது போதும் என்றும் சொன்னார்.

முழுசாக ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். அதில் திருகு முடுக்கியது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் லேபிள் படித்தது, அளந்தது, கூட்டியது, வேண்டாம் என்று சொன்னது. பில்லில் அதற்கு ஒரு வரி கிடையாது. பையன் நினைத்திருந்த கார்டை வாங்கி வந்து, மாட்டிக் கொடுங்கள் என்று நின்றிருந்தாலும் இவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது அதே முன்னூறுதான்.

பழைய கம்ப்யூட்டருக்குக் கார்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போனில் விலை பேசுவதற்கு முன்னால் பெட்டியையே தூக்கிக்கொண்டு உங்கள் ஊர்க் கடைக்குப் போங்கள், எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இது ஓடாது, வாங்காதே என்று அவர் சொல்லி, நீங்கள் எதுவும் வாங்காமல் திரும்ப நேர்ந்தால், அவர் பார்த்த நேரத்துக்கு நூறோ இருநூறோ மேசைமேல் வைத்துவிட்டு வாருங்கள்.